பல பொறிகள், ஒரே ஒழுங்கு

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறி வாழ்வோர்க்கு ஊரோடு உள்ள தொடர்புகள் இருவகைப்பட்டன. திருவிழாவும் திருமணமும் ஒருவகை. பத்திரமும் பதிவேடும் மற்றொரு வகை. முன்னதை அன்பு காக்கிறது. பின்னதை எழுத்துக் காக்கிறது. மும்பையில் மகளைப் பள்ளியிற் சேர்க்கும் தந்தைக்கும், தில்லியில் கடவுச்சீட்டுக்கு மனுச் செய்யும் இளைஞனுக்கும், பெங்களூரில் குடும்ப ஓய்வூதியம் கோரும் மூதாட்டிக்கும் ஊர்ப் பதிவேட்டின் ஒரு வரி இன்றியமையாததாகிறது. அவ்வரி இன்று தாளில் மட்டும் இல்லை, கணினியினுள்ளும் இருக்கிறது. அக்கணினி செவ்வனே அமைக்கப்பட்டிருக்கிறதா என்பது, அதைக் கண்ணாலும் கண்டிராத நம்மையும் தொட்டு நிற்கும் கேள்வியாகும். பல கணினிகளை ஒரே ஒழுங்கில் நிறுவி, அவ்வொழுங்கு பிறழாமற் காக்கும் முறை யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

இக்கேள்வியின் எடையைச் சட்டமும் கூட்டியிருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. திருத்தம் நடைமுறைக்கு வந்த 2023 அக்டோபர் 1ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி ஆகியவற்றிற் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. ஒரு தேதி பிழைபட்டால், ஒரு பெயரின் எழுத்துச் சிதைந்தால், ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் அப்பிழை அவரைப் பின்தொடரும்.

எடுத்துக்காட்டாக ஓர் ஊரை நினைத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கில், பாறசாலைச் சட்டமன்றத் தொகுதியில் அமைந்த ஒற்றசேகரமங்கலம் ஒரு கிராமப் பஞ்சாயத்து. கேரளத்தின் 941 கிராமப் பஞ்சாயத்துகளுள் அதுவும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி வகுக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்தது; உறவுகளின் குறுக்கே விழவில்லை. பெண் கொடுத்தும் எடுத்தும், சந்தைக்குச் சென்றும் வந்தும், இருபுறத்தாரும் இன்றளவும் கலந்தே வாழ்கின்றனர். அதனால் ஒரே குடும்பத்தின் பதிவுகள் களியக்காவிளைக்கு அப்பாலும் இப்பாலும் இரு மாநிலங்களின் ஏடுகளில் இருத்தல் இயல்பு. அத்தகைய குடும்பத்தில் ஒருவர் மூன்றாவது மாநிலத்துக்குப் பிழைக்கச் சென்றால், அவருடைய உரிமைகள் தொலைவிலுள்ள கணினிகள் சிலவற்றின் நேர்மையைச் சார்ந்து நிற்கின்றன.

இனிச் செய்திக்கு வருவோம். சேவையகக் கணினி, அதாவது வழக்கில் ‘சர்வர்’ எனப்படுவது யாது? நம் மேசைமேலுள்ள கணினி ஒருவருக்கு உழைக்கிறது. சர்வரோ பலர் கேட்கும் கேள்விகளுக்கு விடை தந்துகொண்டே இருக்கிறது. அலுவலக ஊழியர் பெயரைத் தட்டச்சுச் செய்து தேடும்போதும், தொலைவிலுள்ளவர் கைப்பேசியிற் சான்றிதழ் கோரும்போதும், விடை வருவது சர்வரிலிருந்துதான். ஒரு சர்வர் பணி செய்ய மூன்று அடுக்குகள் வேண்டும். அடியில் லினக்ஸ் போன்ற இயக்க முறைமை; நடுவில் தரவுகளை அடுக்கி வைக்கும் தரவுத்தளமும் துணை மென்பொருள்களும்; மேலே குறிப்பிட்ட பணிக்கென எழுதப்பட்ட செயலி. இம்மூன்றையும் இணைப்பவை அமைப்புகள், அதாவது ‘செட்டிங்’குகள். தரவுத்தளத்தின் முகவரி யாது, கடவுச்சொல் யாது, எந்த நேரக் கணக்கைப் பின்பற்றுவது, எழுத்துகளை எம்முறையிற் சேமிப்பது, யாருக்கு நுழைவுரிமை உண்டு என்பன போன்ற சிறு சிறு விதிகளே அவை. வீட்டின் சுவர்களைப் போன்றவை மென்பொருள்கள். கதவுகளின் தாழ்ப்பாள்களைப் போன்றவை அமைப்புகள். சுவர் எத்துணை உறுதியாயினும் தாழ்ப்பாள் பிழைத்தால் வீடு வீடாகாது.

கேரளத்தில் உள்ளாட்சி மன்றங்களைக் கணினிமயமாக்க 1999இல் ‘இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்’ தோற்றுவிக்கப்பட்டது. பிறப்பு இறப்புத் திருமணப் பதிவுக்கு ‘சேவன’, வரி வருவாய்க்கு ‘சஞ்சய’, கணக்குக்கு ‘சாங்க்ய’, திட்டப் பணிகளுக்கு ‘சுலேக’ என்றவாறு தனித்தனிச் செயலிகளை அது ஆக்கித் தந்தது. தொடக்க காலத்தில் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு சர்வரை வைத்து, அதிலே இச்செயலிகளை நிறுவி, ஆங்காங்கே இயக்குவது வழக்கமாயிருந்தது. கிராமப் பஞ்சாயத்துகள் 941, வட்டாரப் பஞ்சாயத்துகள் 152, மாவட்டப் பஞ்சாயத்துகள் 14, நகராட்சிகள் 87, மாநகராட்சிகள் 6, ஆக மொத்தம் 1,200 மன்றங்கள் இன்று உள்ளன. இத்தனை இடங்களில் ஒரே மென்பொருளை நிறுவுவதும், அதிலொரு திருத்தம் வந்தால் எல்லாவற்றிலும் அதை ஏற்றுவதும் எத்துணைப் பெரும்பணி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தகைய பணியைக் கையாற் செய்தால் நேர்வது என்ன? இதற்குத் தமிழர்க்கு ஓர் உவமை கையிலேயே இருக்கிறது. பழைய நூல்கள் ஓலைச்சுவடிகளில் வாழ்ந்தன. ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்று எழுதினர். அதைப் பார்த்து இன்னொன்று எழுதினர். எழுதுவோர் எத்துணைக் கவனமுடையவராயினும் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறும். ஓரிடத்தில் ஓரடி விடுபடும். நூற்றாண்டுகள் கழிந்தபின் ஒரே நூலுக்குப் பல பாடபேதங்கள் உளவாயின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டு மூலபாடத்தைக் காண வாழ்நாளையே செலவிட்டதன் காரணம் இதுவேயன்றோ?

கையாற் பராமரிக்கப்படும் சர்வர்களிலும் இத்தகைய பாடபேதம் தோன்றுகிறது. ஓர் அலுவலகத்தில் மின்தடைக்குப் பின் அவசரமாக ஓர் அமைப்பு மாற்றப்படும். அது குறிப்பேட்டில் ஏறாது. மற்றோரிடத்தில் புதிய பதிப்பு ஏற்றப்படும். துணை மென்பொருள் பழையதாகவே கிடக்கும். ஆறு திங்களில் ஒன்றாய்ப் பிறந்த பொறிகள் வெவ்வேறு இயல்புடையனவாகிவிடும். எல்லாம் ஒன்றுபோலவே வெளியிற் காணும். வேறுபாடு உள்ளே ஒளிந்திருக்கும். ‘அங்கே நன்றாக ஓடுகிறதே, இங்கே ஏன் ஓடவில்லை?’ என்னும் கேள்வி பிறக்குமிடம் இதுதான்.

இவ்வொளிந்த வேறுபாடு எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் இருந்தது. அதன் ஆணைகளை அனுப்பும் செயலி எட்டுச் சர்வர்களில் ஓடியது. 2012ஆம் ஆண்டு புதிய பதிப்பை ஏற்றிய தொழில்நுட்பப் பணியாளர் ஏழு சர்வர்களில் ஏற்றினார், எட்டாவதில் ஏற்றவில்லை. அவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் விதியும் அங்கில்லை. எட்டாவது சர்வரிற் பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரற்பகுதி ஒன்று உறங்கிக் கிடந்தது. அதை எழுப்புவதற்குரிய பழைய குறியையே புதிய பதிப்பு வேறு பணிக்கு எடுத்தாண்டிருந்தது. ஆகஸ்டு 1ஆம் நாள் காலை சந்தை திறந்ததும் உறங்கியது விழித்தது. 212 சிறு ஆணைகளை நிறைவேற்றப் புகுந்த அப்பொறி, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட வணிகங்களைச் செய்து முடித்தது. இழப்பு நாற்பத்தாறு கோடி டாலருக்கு மேல் என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் கணக்கிட்டது.

இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. கேடு நேர்ந்துகொண்டிருந்தபோது, புதிய பதிப்பே குற்றவாளி என்றெண்ணி, அது சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அதனால் எட்டாவது சர்வரின் நோய் ஏழுக்கும் பரவியது. எந்தப் பொறியில் எது இருக்கிறது என்பது தெரியாதபோது மருந்தே நஞ்சாகிவிடுகிறது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றோடு இணைந்து தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது.

இதற்கு மாற்று யாது? செய்ய வேண்டியதை மனிதரின் நினைவில் வைக்காமல் எழுத்தில் வைப்பது. அவ்வெழுத்தைப் பொறியே படித்து நிறைவேற்றுவது. கணினி வல்லுநர் இதைக் கட்டமைவு மேலாண்மை என்பர். பெயர் பெரிதாயினும் கருத்து எளிது. அதன் உயிர்நிலை ஒரு சிறு வேறுபாட்டில் இருக்கிறது. ‘தொட்டியிற் பத்துக் குடம் நீர் ஊற்று’ என்று சொல்வது ஒருவகைக் கட்டளை. ‘தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கட்டும்’ என்று சொல்வது மற்றொரு வகை. முதற் கட்டளையை இருமுறை நிறைவேற்றினால் நீர் வழிந்தோடும்; பாதி நிறைந்த தொட்டியானாலும் வழியும். இரண்டாவதை எத்தனை முறை நிறைவேற்றினும் தீங்கில்லை. தொட்டி நிறைந்திருந்தால் வேலைக்காரன் பார்த்துவிட்டுத் திரும்புவான். குறைந்திருந்தால் குறைந்த அளவே ஊற்றுவான். சர்வர்களுக்கும் அவ்வாறே, செய்கைகளைச் சொல்லாமல் முடிந்த நிலையைச் சொல்ல வேண்டும். ‘தரவுத்தள மென்பொருளின் இன்ன பதிப்பு இருக்கட்டும், இன்ன கோப்பு இன்ன உள்ளடக்கத்தோடு இருக்கட்டும், இன்ன சேவை ஓடிக்கொண்டிருக்கட்டும்’ என்று எழுதிவிட்டால், பொறி தன்னிலையை அவ்வேட்டோடு ஒப்பிட்டு வேறுபட்டதை மட்டும் திருத்திக்கொள்ளும்.

இவ்வழியை முதலில் வகுத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் மார்க் பர்ஜெஸ் என்பார். நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரிற் பணியாற்றிய இவ்வியற்பியல் அறிஞர் 1993இல் ‘சிஎஃப்எஞ்சின்’ என்னும் கருவியை ஆக்கினார். பின்னர் 2005இல் ‘பப்பெட்’, 2009இல் ‘செஃப்’, 2011இல் ‘சால்ட்’, 2012இல் ‘ஆன்சிபிள்’ எனப் பல கருவிகள் தோன்றின. இவற்றை இருவகையாகப் பிரிக்கலாம். பப்பெட் போன்றவற்றில் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறு முகவர் மென்பொருள் குடியிருக்கும். அது வழக்கமாக முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை தலைமைக் கணினியைக் கேட்டு, தன் பொறி ஏட்டின்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஆன்சிபிளில் முகவர் இல்லை. நிர்வாகியின் கணினியிலிருந்தே, எஸ்எஸ்எச் எனப்படும் காப்புடைய வழியே, ஒவ்வொரு சர்வருக்குள்ளும் சென்று பணி முடித்துத் திரும்பும். முன்னது ஊர்க்காவலன் ஊரிலேயே தங்கியிருப்பது போன்றது. பின்னது மேலதிகாரி சுற்றுப்பயணம் வருவது போன்றது.

ஆன்சிபிளையே எடுத்துக்கொண்டால் அதற்கு இரண்டு ஏடுகள் போதும். ஒன்று, பொறிகளின் பட்டியல். இதில் சர்வர்களின் முகவரிகளைத் தொகுதி தொகுதியாக எழுதிவைக்கலாம்: தரவுத்தளப் பொறிகள் ஒரு தொகுதி, செயலிப் பொறிகள் ஒரு தொகுதி என்றவாறு. மற்றொன்று, விதியேடு. இத்தொகுதிக்கு இன்னின்ன நிலை வேண்டும் என்று அதிலே வரிசையாக எழுதப்படும். ஒரே கட்டளையில் பட்டியலிலுள்ள பொறிகள் யாவும் விதியேட்டுக்கு இணங்கிவிடும். இறுதியில் ஒவ்வொரு பொறிக்கும் கணக்கும் வரும்: இத்தனை விதிகள் முன்னரே சரியாயிருந்தன; இத்தனை மாற்றப்பட்டன; இத்தனை தோற்றன. எட்டுச் சர்வர்களில் ஒன்று விடுபட்டால் அக்கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். நைட் நிறுவனத்தில் இல்லாமற்போனது இக்கணக்கே எனலாம்.

அடுத்து, சூழல் அமைப்புகளைப் பற்றிச் சிறிது விரிவாகக் காண்பது தகும். ஒரே செயலி மூன்று களங்களில் ஓட வேண்டியிருக்கிறது. ஆக்குவோர் முயன்று பார்க்கும் சோதனைக் களம் ஒன்று. மெய்யானதைப் போன்றே அமைத்துப் பார்க்கும் ஒத்திகைக் களம் ஒன்று. மக்கள் பயன்படுத்தும் நடைமுறைக் களம் ஒன்று. நிரல் மூன்றிலும் ஒன்றே. அமைப்புகள் மட்டும் வேறு. ஆகவே அமைப்புகளை நிரலினுள்ளே புதைத்துவிடாமல், வெளியே தனியாக வைத்து, ஓடும்போது ஊட்டுவதே முறை. அவ்வாறு ஊட்டப்படுவனவற்றைச் சூழல் மாறிகள் என்பர். ஒரே நாடகத்தை மூன்று ஊர்களில் நடிக்கும் குழுவினர் வசனத்தை மாற்றுவதில்லை. மேடையின் அளவுக்கேற்ப விளக்கையும் திரையையுமே மாற்றிக்கொள்வர்.

சிறு அமைப்பு எனக் கருதப்படுவது எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுவோம். முதலாவது, நேரம். சர்வர்கள் பல, வேறு விதி கொடுக்கப்படாவிடில், உலகப் பொது நேரத்தையே பின்பற்றும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே செல்வது. ஜூன் 15ஆம் நாள் விடியற்காலை 2 மணிக்குப் பிறந்த குழந்தையின் பிறப்பு நேரத்தை, ஒரு செயலி பொது நேரமாக மாற்றிச் சேமித்துவிட்டு, திரும்ப எடுக்கும்போது இந்திய நேரத்துக்கு மாற்றத் தவறினால், ஏட்டில் ஜூன் 14, இரவு 8.30 என்று நிற்கும். ஒரு நாள் குறைந்துவிட்டது! பள்ளிச் சேர்க்கைக்கும் தேர்வுக்கும் வயது வரம்பு நாட்கணக்கில் பார்க்கப்படும் நாட்டில் ஒரு நாள் சிறிதன்று. பத்துச் சர்வர்களில் ஒன்பது சரியாகவும் ஒன்று பிழையாகவும் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். சிலருடைய சான்றிதழ் மட்டும் பிழைபடும். காரணம் எளிதிற் புலப்படாது.

இரண்டாவது, எழுத்து. தமிழெழுத்துகளைக் கணினியிற் சேமிக்க ஒரு காலத்தில் பல குறிமுறைகள் வழங்கின. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் விளங்காது. இன்று ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆயினும், தரவுத்தளத்தின் அமைப்பு யூனிகோடுக்கு இசைவாக இல்லையெனில், உள்ளே சென்ற தமிழ்ப்பெயர் வெளியே வரும்போது வெறும் கேள்விக்குறிகளின் வரிசையாகிவிடும். பெயரை மீட்க வழியும் இராது. எழுத்தே அழிந்துவிட்டபின் எதைக் கொண்டு மீட்பது? இருமொழி வழங்கும் எல்லைப்புறத்தில், ஒரே பதிவேட்டில் இரு மொழிப் பெயர்களும் ஆங்கில வடிவமும் இடம்பெறக்கூடும். ஆதலால் இவ்வமைப்பு ஒவ்வொரு பொறியிலும் பிழையின்றி இருத்தல் மிகவும் இன்றியமையாதது. விதியேட்டில் இதற்கு ஒரு வரி போதும். அவ்வொரு வரி எல்லாப் பொறிகளையும் காக்கும்.

கடவுச்சொற்களின் நிலை வேறு. விதியேடு பலர் படிப்பதற்கு உரியது. கடவுச்சொல்லோ ஒருவர் இருவர்க்கு மட்டுமே உரியது. பூட்டின் அமைப்பை வரைபடத்திற் காட்டலாம். சாவியை வரைபடத்தோடு சேர்த்துத் தைத்து வைத்தல் ஆகாது. ஆகவே மறைபொருள்களை மறையெழுத்தாக்கித் தனிப் பெட்டகத்தில் வைத்து, நிறுவும் நேரத்தில் மட்டும் திறந்து ஊட்டும் ஏற்பாடுகள் உள்ளன. இதைப் பின்பற்றாமற் கடவுச்சொற்களை நிரலோடு சேர்த்துப் பொதுவிடத்தில் வைத்து இழப்புற்றோர் உலகெங்கும் பலர்.

விதியேடு எழுதி ஒவ்வொரு பொறியையும் ஒழுங்குபடுத்துவது ஒரு வழி. பொறி முழுவதையும் ஒரே அச்சில் வார்த்தெடுப்பது மற்றொரு வழி. இவ்விரண்டாவது வழிக்குக் கேரளப் பள்ளிகள் நல்ல எடுத்துக்காட்டு. 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்னும் பெயரில் தொடங்கி, 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, பள்ளிக் கணினிகளுக்கென்றே கட்டணமற்ற கட்டற்ற மென்பொருளாலான இயக்க முறைமையைத் தொகுத்து வழங்குகிறது. உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டு அது 2019இல் வெளியிட்ட தொகுப்பு, மாநிலப் பள்ளிகளின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை நோக்கி ஆக்கப்பட்டது. பாடத்துக்கு வேண்டிய செயலிகளும், மொழி ஏற்பாடுகளும், அமைப்புகளும் முன்னரே உள்ளே பொதிந்திருப்பதால், ஆசிரியர் ஒவ்வொன்றாகத் தேடி நிறுவ வேண்டுவதில்லை. எல்லையோரக் கிராமப் பள்ளியின் மாணவியும் எர்ணாகுளம் நகரப் பள்ளியின் மாணவனும் ஒரே திரையைக் காண்கின்றனர். ஒரே பாடத்தைச் செய்கின்றனர். கருவியின் ஒழுங்கு கல்வியின் சமன்மைக்குத் துணையாகிறது.

இதே வார்ப்பு முறை சர்வர்களில் 2013 முதல் ‘டாக்கர்’ என்னும் கருவியாற் பரவியது. செயலியையும் அதற்கு வேண்டிய துணை மென்பொருள்களையும் ஒரு பெட்டியில் அடைத்துவிட்டால், அப்பெட்டி எந்தச் சர்வரில் இறக்கப்பட்டாலும் ஒரேபடி ஓடும். நெய்யாற்றங்கரைத் தாலுகாவின் கடற்கரையில், 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தைக் கண்டோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். அங்கே பளுதூக்கிகள் கையாளும் சரக்குப் பெட்டிகள் யாவும் வரையறுக்கப்பட்ட பொது அளவுகளில் அமைந்தனவாதலால், உள்ளே துணியோ தேயிலையோ என்று பளுதூக்கி கேட்பதில்லை. மென்பொருட் பெட்டிகளும் அத்தகையனவே. ஆயினும் பெட்டியை இறக்கும் தளம் ஒழுங்காயிருக்க வேண்டும். ஆகவே வார்ப்பும் விதியேடும் ஒன்றற்கொன்று துணையே அன்றிப் பகையல்ல.

இதுகாறும் நன்மைகளையே பேசினோம். இம்முறையின் ஆபத்தையும் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். நல்லதை ஒரே நொடியில் ஆயிரம் பொறிகளுக்கு அனுப்பும் கை, தீயதையும் அவ்வாறே அனுப்பும். 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழைபட்ட கோப்பு, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிலைகுலையச் செய்தது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. உலகெங்கும் விமானங்கள் நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் திகைத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று பயணிகளுக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டுகள் வழங்கப்பட்டன. நைட் நிறுவனத்தில் ஒரு பொறி விடுபட்டதாற் கேடு. இங்கே ஒரு பொறியும் விடுபடாததாற் கேடு. இரண்டையும் சேர்த்துப் படிக்குமிடத்தே உண்மை புலனாகும்.

அவ்வுண்மை யாது? எல்லாப் பொறிகளும் ஒரே நிலையை அடைய வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே கணத்தில் அடைய வேண்டுவதில்லை. சோறு பதமா என்பதைப் பானை முழுவதையும் கொட்டிப் பார்ப்பார் இல்லை. ஒரு சோறு எடுத்துப் பார்ப்பர். அவ்வாறே மாற்றத்தை முதலில் ஒரு பொறியில் ஏற்றி, சிறிது நேரம் கண்காணித்து, பின் பத்தில், பின் நூற்றில் என்று படிப்படியாகச் செல்வதே அறிவுடைமை. கேரளத்து உள்ளாட்சி மன்றங்கள் இவ்வழியையே மேற்கொண்டன. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான ஒருங்கிணைந்த மென்பொருள் 2020இல் ஒரு பகுதியினவற்றிலும், அடுத்து மேலும் சிலவற்றிலும், 2022இல் எஞ்சியவற்றிலும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த ‘கே-ஸ்மார்ட்’ ஏற்பாடும் 2024 ஜனவரி 1ஆம் நாள் முதலில் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தொடங்கி, 2025 ஏப்ரலிற் பஞ்சாயத்துகளுக்கு விரிந்தது. பஞ்சாயத்து தோறும் தனிச் சர்வர் என்ற பழைய நிலை மாறி, பொது ஏற்பாட்டை இணையவழியே யாவரும் பயன்படுத்தும் நிலை உண்டாயிற்று. இதனாற் பொறிகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் ஒவ்வொரு பொறியின் பொறுப்பும் பெருகும். முன்பு ஒன்று பழுதானால் ஓர் ஊர் தவிக்கும். இன்று மையம் பழுதானால் மாநிலமே தவிக்கும். ஆகவே ஒழுங்கின் தேவை குறையவில்லை. மிகுந்தது என்பதே பொருத்தம்.

படிப்படியாகச் செல்வதோடு வேறு இரண்டு காப்புகளும் வேண்டும். ஒன்று, திரும்பும் வழி. விதியேட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயரும் நாளும் காரணமும் குறித்து, பதிப்பு வரலாறாகச் சேமிக்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய ‘கிட்’ என்னும் கருவி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. புதியது பிழைத்தால் நேற்றைய ஏட்டை எடுத்து மீண்டும் நிறைவேற்றலாம். மற்றொன்று, இரண்டாவது கண். எழுதியவரே நிறைவேற்றாமல், மற்றொருவர் படித்து ஒப்பிய பின்னரே ஏடு பொறிகளுக்குச் செல்ல வேண்டும். பத்திரத்திற் சாட்சிக் கையெழுத்துக் கேட்பது எழுதியவரை ஐயுற்றன்று. எழுத்தின் மதிப்பைக் கருதியே.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இச்செய்தி இருவகையில் உரியது. முதலாவதாக, பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் நொய்டாவிலும் இத்தகைய பணிகளிற் கைவைத்திருக்கும் இளைஞர் நம்மவரிற் பலர். ஊரிலுள்ள பெற்றோர் ‘மகன் என்ன வேலை செய்கிறான்?’ என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாமல் நிற்பது உண்டு. பல்லாயிரம் மக்களின் பதிவேடு சுவடிகளைப் போலப் பாடபேதமுறாமற் காப்பதே அவன் வேலை என்று கூறலாம். அது பெருமைக்குரிய வேலையே.

இரண்டாவதாக, நம் தமிழ்ச் சங்கங்களிலும், நூலகங்களிலும், பள்ளிகளிலும் ஐந்தும் பத்துமாகக் கணினிகள் உள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் பல பள்ளிகளை நடத்துகிறது. இதுபோன்று பல இடங்களிற் செயல்படும் அமைப்புகள் வேறு நகரங்களிலும் உண்டு. பெரும்பாலும் சிறு அமைப்புகளில் ஒரு தொண்டரே எல்லாக் கணினிகளின் இரகசியத்தையும் அறிந்திருப்பார். அவர் வேற்றூருக்கு மாற்றலாகிச் சென்றால் அறிவும் அவரோடு சென்றுவிடும். இதற்குப் பெருங்கருவிகள் உடனே வேண்டுவதில்லை. முதலில் எந்தக் கணினியில் எது இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுக. பின் ஒரு கணினியை முழுதும் அழித்துப் புதிதாக அமைக்க என்னென்ன வேண்டும் என்று வரிசையாக எழுதுக. அக்குறிப்பை மட்டும் கொண்டு வேறொருவர் அமைத்துப் பார்க்கட்டும். அவர் தடுமாறும் இடமே குறிப்பிற் குறையுள்ள இடம். குறிப்பு நிறைவுற்றபின் ஆன்சிபிள் போன்ற கருவியின் விதியேடாக அதை மாற்றிக்கொள்ளலாம். இக்கருவியைக் கட்டணமின்றிப் பெறலாம். ஒரே கணினியினுள் மூன்று மெய்நிகர்ப் பொறிகளை உண்டாக்கி வீட்டிலிருந்தே பழகலாம்.

சான்றிதழ் பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. பொறி தந்தது பிழையிராது என்று நம்பி மடித்து வைத்தலாகாது. பெயரின் எழுத்துகள், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, இடம் ஆகிய நான்கையும் வாங்கிய அன்றே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழை காணின் உடனே பதிவாளருக்கு எழுதித் திருத்தம் கோர வேண்டும். எத்தனை காப்புகள் இருப்பினும், தன் பெயரைத் தான் படிக்கும் கண்ணுக்கு நிகரான காப்பு வேறில்லை.

பொறிகள் தாமாக இயங்குகின்றன என்று கேட்கும்போது மனிதருக்கு அங்கே இடமில்லையென எண்ணுவோர் உளர். ஆராய்ந்து பார்த்தால் உண்மை வேறு. ஓயாமல் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பைப் பொறி ஏற்றுக்கொள்கிறது. எது சரி என்று தீர்மானித்து எழுதும் பொறுப்பு மனிதரிடமே நிற்கிறது. முன்பு அத்தீர்மானம் ஒருவர் நெஞ்சில் மறைந்திருந்தது. இன்று யாவரும் படிக்கத்தக்க ஏட்டில் வெளிப்பட்டு நிற்கிறது. வெளிப்பட்டு நிற்பதனாலேயே அதைக் கேள்வி கேட்கலாம், திருத்தலாம், அடுத்தவர்க்குக் கற்பிக்கலாம். ஒற்றசேகரமங்கலத்திற் பதிவான ஒரு குழந்தையின் பெயர், நாளை எந்த மாநிலத்தில் எந்த அலுவலகத்திற் கேட்கப்பட்டாலும், எழுத்து மாறாமல், தேதி மாறாமல் கிடைக்க வேண்டும். இத்தனை ஏற்பாடுகளும் அதன் பொருட்டே.